மின்நிலைய ஏல ஆட்டம்: முறை யாருக்கு, காசு எப்போது

பவர் கிரிட் என்ற பலகை ஆட்டத்தை இணையத்தில் ஆடப் புதிதாக வருகிறவர்கள் இரண்டாம் சுற்றிலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எல்லாரையும்விட நான்தான் அதிக ஊர்களில் வீடு வைத்திருக்கிறேன், ஆனால் என்னிடம்தான் காசு இல்லை. ஏன்?" வருமானப் பட்டியலை எத்தனை முறை பார்த்தாலும் இதற்குப் பதில் கிடைக்காது. பதில் இருப்பது முறை வரிசையில். இந்த ஆட்டத்தில் முன்னால் போகிறவர் எதை வாங்கினாலும் கூடுதல் விலை கொடுத்துத்தான் வாங்குகிறார். அது புரிந்துவிட்டால் மற்ற விதிகளைத் திரையே சொல்லிக்கொடுத்துவிடும்.

ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக: ஜெர்மனியின் ஃப்ரீடெமான் ஃப்ரீஸ வடிவமைத்தது, இங்கே நான் சொல்லும் வடிவில் 2004ல் வெளிவந்தது, 2 முதல் 6 பேர் வரை ஆடலாம். ஒவ்வொருவரும் ஒரு மின்சார நிறுவனம். ஏலத்தில் மின்நிலையம் எடுக்க வேண்டும், எரிபொருள் வாங்க வேண்டும், வரைபடத்தில் வீடு வைத்து ஊர்களை இணைக்க வேண்டும், மின்சாரம் கொடுத்த ஊர்களுக்குப் பணம் வாங்க வேண்டும். பணத்தின் பெயர் எலெக்ட்ரோ. தொடக்கத்தில் எல்லாருக்கும் 50. நான் சொல்லும் எண்கள் எல்லாம் நான்கு பேர் ஆடும் மேசைக்கானவை. ஆள் எண்ணிக்கை மாறினால் சில எண்கள் மாறும்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு முதலிலேயே ஒரு எச்சரிக்கை. நமக்கு ஏலம் என்றால் சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) ஏலம்தான் நினைவுக்கு வரும். புதன்கிழமை மாலை 4 மணிக்கு முடிவு தெரியும். ஒரு பிரிவில் ஜெயித்தவர்கள் எல்லாரும் கட்டுவது ஒரே விலை, அதாவது தோற்றவர்கள் கேட்டதில் மிக உயர்ந்த தொகைக்கு மேல் ஒரு வெள்ளி (டாலர்). அதனால் மனதில் இருக்கும் உச்ச விலையைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இங்கே அந்தப் பழக்கம் ஆகாது. நீங்கள் கடைசியாகச் சொன்ன தொகை எதுவோ அதையே கட்ட வேண்டும். 12க்கு முடிந்திருக்கக்கூடிய நிலையத்துக்கு எடுத்த எடுப்பில் 20 என்று சொன்னால், அந்த 8 எலெக்ட்ரோ போனது போனதுதான்.

ஒரு சுற்றில் நடப்பவை

ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து கட்டங்கள். முதலில் வரிசை முடிவாகும். அடுத்து மின்நிலைய ஏலம். மூன்றாவது எரிபொருள் வாங்குவது. நான்காவது ஊர்களில் வீடு கட்டுவது. ஐந்தாவது கட்டத்தில் எரிபொருளை எரித்துப் பணம் வாங்குவது; சந்தையில் புது எரிபொருள் வந்து சேர்வதும் அப்போதுதான்.

இதில் மனதில் பதிய வேண்டியது திசை. ஏலம் வரிசையின் முதல் ஆளிடமிருந்து தொடங்கும். எரிபொருளும் கட்டுமானமும் கடைசி ஆளிடமிருந்து தொடங்கித் தலைகீழாக வரும். வரிசை எப்படி முடிவாகிறது? அதிக ஊர்களில் வீடு வைத்திருப்பவர் முதல் ஆள். இருவருக்குச் சமமாக இருந்தால், யாரிடம் பெரிய எண் கொண்ட மின்நிலையம் இருக்கிறதோ அவர் முன்னால்.

ஆக, முதல் ஆளாக இருப்பது இங்கே சலுகை இல்லை. முதல் ஆள் ஏலத்தில் முதலில் வாய் திறக்க வேண்டும். எரிபொருள் கடைக்கு எல்லாரும் அள்ளிய பிறகு போக வேண்டும். வரைபடத்தில் நல்ல இடங்களை மற்றவர்கள் பிடித்த பிறகு கட்ட வேண்டும். மூன்றிலும் அடி. இதை வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். பின்தங்கியவர் மீண்டும் எழுந்து வருவதற்கான வழி அது. எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த அம்சமும் அதுதான்.

ஏலத்தில் இரண்டு விதமான பாஸ்

நிலையச் சந்தையில் எட்டு அட்டைகள் இரண்டு வரிசையாக இருக்கும். மேல் வரிசையில் சிறிய எண் கொண்ட நான்கு. ஏலத்துக்கு வருபவை இவை மட்டுமே. கீழ் வரிசையில் இருப்பவை வரப்போகிறவை, இப்போது தொட முடியாது. அட்டையின் எண்தான் தொடக்க விலை. 8ஆம் எண் நிலையத்துக்கு 8க்குக் கீழே கேட்க முடியாது.

உங்கள் முறை வந்தால் ஒரு நிலையத்தைத் தேர்ந்து, ஒரு விலை சொல்லி ஏலத்தைத் திறக்கிறீர்கள். மற்றவர்கள் சுற்றி வரும் முறையில் ஏற்றிக் கேட்கலாம், இல்லாவிட்டால் விலகலாம். ஒரு சுற்றில் ஒருவருக்கு ஒரு நிலையம்தான். வாங்கியவர் அதன்பின் எதிலும் கலந்துகொள்ள முடியாது. நீங்கள் திறந்த ஏலத்தை வேறொருவர் எடுத்துவிட்டால், திறக்கும் முறை மறுபடி உங்களுக்கே வரும்.

இணையத்தில் ஆடும்போது புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று படியுங்கள். வேறொருவர் திறந்த ஏலத்தில் பாஸ் கொடுத்தால், அந்த ஒரு நிலையத்திலிருந்து மட்டும் விலகுகிறீர்கள். நீங்கள் திறக்க வேண்டிய முறையில் பாஸ் கொடுத்தால், அந்தச் சுற்றின் ஏலம் முழுவதிலிருந்தும் வெளியே போய்விடுகிறீர்கள். திரையில் இரண்டுக்கும் ஒரே பொத்தான் இருக்கலாம், ஆனால் விளைவு வேறு. பொத்தானைத் தட்டுமுன் "இப்போது திறப்பது நானா, இன்னொருவரா" என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் மட்டும் இந்தக் கவலை இல்லை, அப்போது எல்லாரும் கட்டாயம் ஒரு நிலையம் வாங்கியாக வேண்டும்.

முதல் சுற்றைக் காசு காசாகப் பார்ப்போம்

சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றின் வரிசை குலுக்கலில் வருவது. இதே வரிசையில் வந்ததாகக் கொள்வோம். மேல் வரிசையில் 3, 4, 5, 6. கீழே 7, 8, 9, 10.

சிவப்பு 4ஐத் திறக்கிறார். யாரும் ஏற்றவில்லை, 4க்கே கிடைக்கிறது. இரண்டு நிலக்கரி எரித்தால் ஒரு ஊருக்கு மின்சாரம் தரும் நிலையம் அது. ஓர் அட்டை போனதும் அட்டைக் கட்டிலிருந்து புதிய அட்டை வரும். முதலில் வருவது எப்போதும் 13, காற்றாலை. அது கீழ் வரிசைக்குப் போக, 7 மேலே ஏறுகிறது. இப்போது மேலே 3, 5, 6, 7.

நீலம் 5ஐத் திறக்கிறார். பச்சை 6 என்கிறார், மஞ்சள் விலகுகிறார், நீலம் 7 என்று முடிக்கிறார். புது அட்டையாக 20 வந்ததென்று வைப்போம். மேலே 3, 6, 7, 8. பச்சை 7ஐத் திறந்து 7க்கே எடுக்கிறார். மூன்று எண்ணெய்க்கு இரண்டு ஊர். அடுத்த அட்டை 18. மேலே 3, 6, 8, 9. மஞ்சளுக்குப் போட்டி போட ஒருவரும் மிச்சமில்லை. 8ஐத் தொடக்க விலைக்கே எடுக்கிறார். மூன்று நிலக்கரிக்கு இரண்டு ஊர்.

ஒவ்வொருவர் வாங்கும்போதும் அடுத்தவருக்கு ஒரு நல்ல நிலையம் மேலே ஏறி வந்ததைக் கவனித்தீர்களா? சிவப்பு வாங்கியிராவிட்டால் பச்சைக்கு 7 கண்ணில் பட்டிருக்காது. கடைசியாக வாங்குபவருக்கு நல்ல சரக்கு, போட்டியில்லாத விலை, இரண்டும் சேர்ந்து கிடைக்கின்றன.

முதல் சுற்றில் ஏலம் முடிந்ததும் வரிசையை மறுபடி கணக்கிட வேண்டும். ஊர்கள் யாருக்கும் இல்லை, எனவே நிலைய எண்தான் பேசும்: மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு. எரிபொருள் தலைகீழாக, சிவப்பிடமிருந்து.

நிலக்கரி ஒரு விலைக்கு மூன்று வீதம், 1 எலெக்ட்ரோவிலிருந்து 8 வரை அடுக்கியிருக்கும். சிவப்பு இரண்டு வாங்குகிறார், செலவு 2. நீலத்தின் நிலையம் நிலக்கரியும் ஏற்கும், எண்ணெயும் ஏற்கும். 1க்கு ஒன்று, 2க்கு ஒன்று எடுத்து 3 கொடுக்கிறார். எண்ணெய் 3லிருந்துதான் தொடங்குகிறது, பச்சைக்கு மூன்று எண்ணெய் 9. மஞ்சளுக்கு மிஞ்சியது 2க்கு இரண்டு நிலக்கரி, 3க்கு ஒன்று. மொத்தம் 7. முதலில் போயிருந்தால் அதே மூன்றும் 3 எலெக்ட்ரோவுக்குக் கிடைத்திருக்கும். முதல் ஆளாக இருந்ததற்கு மஞ்சள் கொடுத்த விலை அந்த 4.

கட்டுமானம். முதல் காலத்தில் (யாராவது ஏழாவது ஊரை இணைக்கும் வரை) ஒரு ஊரில் வீடு வைக்க 10. முதல் ஊருக்கு இணைப்புச் செலவு கிடையாது, அடுத்த ஊருக்கு வரைபடத்தில் எழுதியிருக்கும் இணைப்புத் தொகையும் சேரும். அது 6 என்று வைத்தால், இரண்டு ஊருக்கு 26. மஞ்சளும் பச்சையும் இரண்டு ஊர் கட்டுகிறார்கள். சிவப்பும் நீலமும் ஒன்றோடு நிறுத்துகிறார்கள், ஏனென்றால் அவர்கள் நிலையம் ஒரு ஊருக்குத்தான் போதும்.

இப்போது வருமானம். ஒரு ஊருக்கு 22, இரண்டு ஊருக்கு 33. சுற்று முடிவில் கையிருப்பு இப்படி: மஞ்சள் 42, பச்சை 41, நீலம் 52, சிவப்பு 56.

வருமானம் அதிகம் வாங்கியவர்களில் ஒருவர் மஞ்சள், கையில் காசு அதிகம் இருப்பது சிவப்பிடம். மஞ்சள் தவறாக ஆடினார் என்று இதற்கு அர்த்தமில்லை. வருங்காலத்தில் சுற்றுக்கு 11 கூடுதலாக வரப்போகும் நிலையத்தையும் ஊரையும் இப்போதே வாங்கி வைத்திருக்கிறார். அடுத்த சுற்றில் ஏலத்தில் அவர்தான் முதலில் பேச வேண்டும், கையிலோ 42தான். சிவப்பு கடைசியில் 56ஓடு காத்திருக்கிறார். மேலே 3, 6, 9, 10. கீழே 13, 15, 18, 20 என்று இருந்து, புதிதாகப் புரட்டும் அட்டைகள் எல்லாம் இவற்றைவிடப் பெரியவையாக வந்தால், மஞ்சள் 10ஐயும் நீலமும் பச்சையும் 13, 15ஐயும் எடுத்துப் போன பிறகு, எரிபொருளே தேவைப்படாமல் இரண்டு ஊருக்கு மின்சாரம் தரும் 18ஆம் எண் காற்றாலை சிவப்புக்குப் போட்டியின்றிக் கிடைக்கும்.

வருமானப் பட்டியலை எப்படிப் படிப்பது

பட்டியலின் சில படிகள்: ஊர் எதற்கும் மின்சாரம் தராவிட்டாலும் 10 வரும். 1 ஊருக்கு 22, 2க்கு 33, 3க்கு 44, 5க்கு 64, 10க்கு 105, 15க்கு 134, 17க்கு 142, 20க்கு 150. அதற்கு மேல் இல்லை.

பணம் வருவது மின்சாரம் கொடுத்த ஊர்களுக்குத்தான், வீடு வைத்திருக்கும் ஊர்களுக்கு இல்லை. ஐந்து ஊரில் வீடு இருந்து, நிலையங்களும் எரிபொருளும் மூன்றுக்கே போதுமென்றால் வருமானம் 44தான். அந்த இரண்டு வீடுகளும் உங்களை வரிசையில் மட்டும் முன்னே தள்ளும். தொடக்கத்தில் நான் சொன்ன கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அடுத்து, படிகளின் உயரம் குறைந்துகொண்டே போவதைப் பாருங்கள். முதல் ஊரிலிருந்து இரண்டாவதுக்கு 11 கூடுகிறது. 9லிருந்து 10க்கு 7. 16லிருந்து 17க்கு 4. 19லிருந்து 20க்கு வெறும் 2. வீட்டுக்கு 10, இணைப்புக்கு 8 என்று 18 செலவழித்து இரண்டாவது ஊர் கட்டினால் இரண்டே சுற்றில் போட்டது திரும்பிவிடும். பதினேழாவது ஊர் கட்டும் காலத்தில் வீட்டு விலையே 15, 20 என்று ஏறியிருக்கும், வரவு 4. அந்தக் காசு திரும்பாது. ஆகவே பாதி ஆட்டம் வரை ஊர் கட்டுவது வருமானத்துக்கு, அதற்குப் பிறகு கட்டுவது வெற்றிக்கு. இந்த மாற்றத்தை உணராதவர்கள் நடு ஆட்டத்தில் தேவைக்கு மேல் கட்டிவிட்டு, நல்ல நிலையம் வரும்போது கை காய்ந்து நிற்பார்கள்.

எரிபொருளைக் கழித்த நிகரத்தையும் எழுதிப் பாருங்கள். மேலே மஞ்சளுக்கு 33ல் 7 போக 26, பச்சைக்கு 33ல் 9 போக 24, சிவப்புக்கு 22ல் 2 போக 20. பட்டியலில் தெரியும் 11 வித்தியாசம் உண்மையில் 6, 4 என்று சுருங்கிவிட்டது. இந்தக் கணக்குக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் ஏலத்தில் எவ்வளவு தூரம் ஏறலாம் என்பதை இதுதான் சொல்லும்.

எரிபொருள் திரும்பி வரும் அளவு

நான்கு பேர் ஆட்டத்தின் முதல் காலத்தில் ஒவ்வொரு சுற்று முடிவிலும் 5 நிலக்கரி, 3 எண்ணெய், 2 குப்பை, 1 யுரேனியம் சந்தைக்கு வந்து சேரும். மேலே பார்த்த சுற்றில் எரிந்தது 7 நிலக்கரி, திரும்பியது 5. அடுத்த சுற்றில் 1 எலெக்ட்ரோவுக்குக் கிடைப்பது ஒரே ஒரு நிலக்கரி. மூன்று பேர் நிலக்கரியைச் சார்ந்திருந்தால் விலை சுற்றுக்குச் சுற்று ஏறும், அந்த ஏற்றத்தை அதிகம் சுமப்பது வரிசையின் முதல் ஆள். அதனால் நிலையம் எடுக்கும்போது "இது எத்தனை ஊருக்கு" என்பதோடு "இந்த எரிபொருளை வேறு யார் வாங்குகிறார்கள்" என்றும் பாருங்கள். குப்பை தொடக்கத்தில் 7, 8 என்று விலை கூடித் தெரிந்தாலும், எரிப்பவர் நீங்கள் ஒருவர் மட்டும் என்றால் சில சுற்றுகளில் மலிந்துவிடும். (குப்பையை எரித்து மின்சாரம் எடுப்பது கற்பனை இல்லை, நம் சிங்கப்பூரின் துவாஸில் தினமும் நடப்பதுதான்.)

ஒரு நிலையத்தில் அதன் ஒரு சுற்றுத் தேவையைப் போல் இரு மடங்கு எரிபொருளைச் சேர்த்து வைக்கலாம். அடுத்த சுற்றில் முதல் ஆளாகப் போகப்போகிறீர்கள் என்று தெரிந்தால், மலிவாகக் கிடைக்கும் இந்தச் சுற்றிலேயே நிரப்பிவிடுங்கள்.

நின்று பாய்வது

யாராவது ஏழாவது ஊரை இணைத்ததும் இரண்டாம் காலம் தொடங்கும். ஒவ்வொரு ஊரிலும் இரண்டாவது ஆள் 15க்கு வீடு வைக்கலாம். அதுவரை நெருக்கியடித்து நின்றவர்களுக்குத் திடீரென்று இடம் கிடைக்கும். ஏழாவதைக் கட்டுகிறவர் அந்த இடத்தை எல்லாருக்கும் திறந்துவிடுகிறார், தானோ அடுத்த சுற்றில் கடைசியாகத்தான் கட்டப் போகிறார். எனவே அனுபவமுள்ளவர்கள் ஆறு ஊரில் நிற்பதைப் பார்ப்பீர்கள். அவர்களுக்குக் காசில்லை என்று எண்ண வேண்டாம், வேறு யாராவது கட்டட்டும் என்று காத்திருக்கிறார்கள். நீங்களும் காத்திருக்கலாம், ஆனால் ஆறு ஊருக்கு வரும் 73ஐ வாங்கிக்கொண்டு நல்ல நிலையம் தேடுவதாக இருந்தால் மட்டும். வெறுமனே காத்திருந்தால் மற்றவர்கள் சேர்ந்து உங்களைத் தாண்டிவிடுவார்கள்.

முதல் ஆளாக ஏலத்தைத் திறக்க நேர்ந்தால் இரண்டு வழி. தொடக்க விலைக்கே கிடைத்தாலும் உங்களுக்கு உதவும் நிலையத்தைத் திறக்கலாம். அல்லது இன்னொருவருக்கு அவசியமானதைத் திறந்து அவர் காசைக் கரைக்கலாம். இரண்டாவதைச் செய்யும்போது, அது உங்கள் தலையில் விழுந்தாலும் சமாளிக்க முடியுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். யாரும் ஏற்றாவிட்டால் கட்ட வேண்டியது நீங்கள்தான்.

இணைய மேசையின் வேகம்

எல்லாரும் ஒரே நேரத்தில் அமர்ந்து ஆடும் நேரலை மேசை ஒரு வகை. அவரவர் நேரம் கிடைக்கும்போது வந்து முறையை முடித்துப் போகும் மேசை இன்னொன்று. வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் வரும்போது ஒரு முறை, இரவு படுக்கும் முன் ஒரு முறை என்று ஆடுபவர்களுக்கு இரண்டாவதுதான் ஒத்துவரும். அதில் ஏலம் மெதுவாக நகரும். சென்னையில் இருப்பவர் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். ஜெர்மனியில் இருப்பவர் கோடையில் ஆறு, குளிர்காலத்தில் ஏழு மணி நேரம் பின்னால். ஒவ்வொன்றாக ஏற்றிக் கேட்டால் ஒரே நிலையத்துக்கு இரண்டு நாள் ஓடிவிடும். அதற்காக அவசரப்பட்டுத் தாவிக் கேட்க வேண்டாம். மற்றவர் எப்படியும் வந்து சேரும் விலை என்று நீங்கள் நம்பும் தொகைக்கு மட்டும் தாவுங்கள்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தால் என்ன நடந்தது என்பதே மறந்திருக்கும். ஆட்டப் பதிவைப் படித்து, ஒவ்வொருவர் கையிருப்பையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். பணம் திரையில் காட்டப்படாத மேசையிலும் இது முடியும், ஏனென்றால் எல்லா வரவும் செலவும் எல்லார் கண்ணெதிரே நடப்பவை. எதிராளியிடம் 31தான் இருக்கிறது என்று தெரிந்தால், 32 என்று சொல்லி முடித்துவிடலாம்.

கடைசிச் சுற்று

யாராவது 17 ஊரை இணைத்தால், அந்தச் சுற்றின் கட்டுமானம் முடிந்ததும் ஆட்டம் முடியும். அந்தச் சுற்றில் வருமானம் கிடையாது. எனவே கையில் இருக்கும் காசை எரிபொருளுக்கும் வீட்டுக்கும் முழுக்கச் செலவழிக்கலாம். 17ஐ முதலில் தொட்டவர் ஜெயித்தவர் ஆகமாட்டார். அந்தக் கணத்தில் அதிக ஊர்களுக்கு மின்சாரம் தர முடிகிறவரே வெற்றியாளர். 17 ஊர் வைத்து 14க்கு மட்டும் மின்சாரம் தருபவரை, 15 ஊர் வைத்து 15க்கும் தருபவர் வென்றுவிடுவார்.

ஒருவர் 13, 14 ஊரை எட்டியதுமே உங்கள் மூன்று நிலையங்களின் திறனைக் கூட்டிப் பாருங்கள். மூன்றுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது, நான்காவது வாங்கினால் ஒன்றைக் கழிக்க வேண்டும். 17 ஊருக்கு 6, 6, 5 என்ற அளவிலான நிலையங்கள் தேவைப்படும். திறன் போதவில்லையென்றால் அடுத்த ஏலத்துக்குக் காசைப் பிடித்து வையுங்கள், வீடுகளைக் கடைசிச் சுற்றில் மொத்தமாகக் கட்டிக்கொள்ளலாம். அதுவரை வரிசையில் பின்னால் இருப்பதால் எரிபொருளும் மலிவாகக் கிடைக்கும். மின்சாரம் தரும் ஊர்கள் இருவருக்குச் சமமாக வந்தால் மிச்சக் காசு அதிகம் வைத்திருப்பவர் ஜெயிப்பார், ஆகவே மின்சாரம் தர முடியாத ஊரில் கடைசி வீட்டைக் கட்டாதீர்கள்.